தாய்க்கு 98, தகப்பனுக்கு 7

கேள்வி: என் மருமகள் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மாசமாக இருக்கிறாள். "நீ கான்ட்ராக்ட், உனக்குப் பிரசவச் சம்பளம் கிடையாது" என்கிறாராம் சூப்பர்வைசர். உண்மையா ஐயா? (வாசகி, பாரிட் புந்தார்)

பதில்: உண்மையில்லை அம்மா. ஒப்பந்தமோ நிரந்தரமோ, மலேசியச் சட்டம் பார்ப்பது இரண்டே கணக்கு. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்தில் எப்போதாவது அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் 98 நாள் விடுப்பும் உண்டு, சம்பளமும் உண்டு. 2022 வரை இது 60 நாள்தான். திருத்திய சட்டம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது.

இன்னொன்றும் மருமகளிடம் சொல்லி வையுங்கள். முடியாமல் போய் வேலையை விட்டு நின்றாலும், நிற்பதற்கு முன்பே "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்று முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். நான்கு மாதத்துக்குள் பிரசவம் என்று தெரிந்தும் சொல்லாமல் நின்றால் பணம் போய்விடும். வாயால் மட்டும் சொன்னால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். அப்படியும் மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுக்கக் காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஐந்து பிள்ளைகள். ஆறாவது வயிற்றில். சம்பளம் உண்டா?

பதில்: விடுப்பு உண்டு, சம்பளம் இல்லை. உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் பிரசவப் படி கிடையாது என்கிறது சட்டம். ஆறாவது பிள்ளைக்கும் பசிக்கும் என்பதால் இந்த விதியை நான் ஏற்கவில்லை.

கேள்வி: ஏழாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. "குழந்தைதான் இல்லையே, வேலைக்கு வா" என்று கூப்பிடுகிறார்கள். (பெயர் வேண்டாம், பாகான் செராய்)

பதில்: போக வேண்டாம், மகளே. கர்ப்பம் 22 வாரத்தைத் தாண்டியிருந்தால், குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவம்தான். 98 நாளும் உங்களுடையவை. தையல் ஆறவும், கட்டிய பால் வற்றவும், மனம் தேறவும் நாள் வேண்டும். மருத்துவமனை கொடுத்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்களைக் கூப்பிட்டவர் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 7 நாள் விடுப்பு. ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறான்?

பதில்: பத்தியக் குழம்பு வைக்கலாம், துணி அலசலாம், பிறப்புப் பதிவுக்கு அலையலாம், இரவு மூன்று மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கலாம். எனக்கு 7 போதாது என்றே படுகிறது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரம். நம் நாட்டில் மணமானவராக, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவராக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நான்கு பேர் வேலை செய்யும் சின்னக் கடை என்னுடையது. ஒரு பெண் பிரசவத்துக்குப் போனால் அவளுக்கும் சம்பளம், பதிலாள் ஒருவருக்கும் சம்பளம். நான் எங்கே போவேன்?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 98 நாள் என்பது சரியாக 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வகுத்த பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கையின் அளவும் அதுதான். ஆனால் அதே உடன்படிக்கை இன்னொன்றும் சொல்கிறது: பொதுவாக இந்தப் பணம் சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொதுப்பணத்திலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளி தலையில் விழக்கூடாது. நாம் நாள் கணக்கை எடுத்துக்கொண்டோம், நிதியை விட்டுவிட்டோம். சிங்கப்பூரில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 16 வாரத்தில் பாதியையும், மூன்றாவது முதல் முழுவதையும் அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பித் தருகிறது. இங்கே சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு மாதா மாதம் கட்டுகிறோம், அதில் பிரசவத்துக்கு இடமில்லை. இதன் சுமை கடைசியில் பெண்கள்மீதுதான் இறங்குகிறது. "கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை எப்போது?" என்று நேர்முகத்தேர்விலேயே கேட்டு, வேலை தராமல் அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். பிறகு உங்கள் வணிகர் சங்கத்தின் வழியாக, பிரசவ நிதியைச் சொக்சோவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நானும் கூடச் சேர்ந்து எழுதுகிறேன்.

கேள்வி: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிபோங் தெபாலில் என் நாத்தனார் பிள்ளைக்கு மாநில அரசு பணம் கொடுத்தது. என் பிள்ளைக்கு ஏன் இல்லை?

பதில்: நிபோங் தெபால் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே 'அனாக் எமாஸ்' திட்டம் உண்டு. பெற்றோர் அந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டும். நீங்கள் பேராக். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இது.

கேள்வி: பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை நான்கு வருடமாகப் பார்க்கிறேன். என் வேலையையும் விட்டுவிட்டேன். சமூகநல இலாகாவில் பணம் தருவார்களாமே, கேட்போமா என்றால், "அரசாங்கத்திடம் கையேந்தவா?" என்று என் வீட்டுக்காரர் கோபப்படுகிறார்.

பதில்: உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள் தங்கச்சி.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட வேண்டும். ஒரு கையை முதுகுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் திருப்பி, தலையணையை அண்டைக் கொடுத்து, பவுடர் போட்டு, பெம்பர்ஸ் மாற்றி, குழாயில் பால் ஊற்றி முடித்தால் அடுத்த இரண்டு மணி வந்துவிடும். இரவிலும் அதேதான். இதே வேலையைத் தாதியர் இல்லத்தில் செய்தால் சம்பளம். வீட்டில் மருமகள் செய்தால் மட்டும் கடமையா?

படுத்த படுக்கையாக உள்ள மாற்றுத்திறனாளிகளையும் நாள்பட்ட நோயாளிகளையும் பார்த்துக்கொள்பவர்களுக்கு சமூகநல இலாகா ஓர் உதவித்தொகை தருகிறது. 350 வெள்ளியாக இருந்த அது 2021 பட்ஜெட்டில் மாதம் 500 ஆனது. 500 வெள்ளியில் பாதி பெம்பர்ஸுக்கும் பால் மாவுக்குமே போய்விடும், அதனால் தொகை உயர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனாலும் வருவதை விடாதீர்கள். அந்தப் பால் மாவு, பெம்பர்ஸ், பெட்ரோல் என்று வருமானம் போய்க்கொண்டிருக்கும் வீடு உங்களுடையது. நாட்டுக்கு வரி கட்டியவர்களும் நீங்கள்தான். கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

கிரியான் மாவட்டச் சமூகநல அலுவலகம் பாரிட் புந்தாரிலேயே இருக்கிறது. நீங்கள், மாமியார் இருவரின் மைகார்டு நகல், வங்கிக் கணக்குப் புத்தகம், குடும்ப வருமான விவரம், அரசாங்க மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் எல்லாம் வேண்டும். வருமான வரம்பு உண்டு, வீட்டுக்கு வந்தும் பார்ப்பார்கள். மருத்துவர் படிவத்தில்தான் பலர் தடுக்கி நிற்கிறார்கள். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதே அதைக் கையோடு கொண்டுபோங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15999 தாலியான் காசே எண்ணுக்குக் கூப்பிட்டு விவரம் கேளுங்கள்.

கேள்வி: மாமியாரைத் தூக்கும்போது எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டால்?

பதில்: அதற்கு வேறு வழி இருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பர் 1-இல் தொடங்கியது. 55 வயதுக்குட்பட்ட பெண்கள் வருடத்துக்கு 120 வெள்ளி கட்டலாம், கணவரும் கட்டலாம். வீட்டு வேலையில் விபத்து நேர்ந்தால் சிகிச்சைக்கு உதவும், நிரந்தர ஊனமானால் பணமும் உண்டு. உங்கள் கணவர் கோபம் தணிந்திருந்தால் முதல் வருடத்து 120-ஐ அவரையே கட்டச் சொல்லுங்கள்.