வழுதக்காட்டுக்கு ஒரு துருப்பிடித்த மனு

அனுப்புநர்: கரமனை, வலியசாலை, பேட்டை, நேமம் வட்டாரப் பழைய வண்டிக்காரர்கள், திருவனந்தபுரம்.

பெறுநர்: உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள், டிரான்ஸ் டவர்ஸ், வழுதக்காடு, திருவனந்தபுரம்.

பொருள்: ஞாயிற்றுக்கிழமைதோறும் சொந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடத்தல் – விளக்கம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி வண்டிக்காரர்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இவர்களிடம் இருப்பவை மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மஹிந்திரா ஜீப், கூடவே ஓரிரண்டு டாட்டா 407 லாரிகள். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது; அம்பாசடர் அதே வருடம் மே மாதத்தில் நின்றது; பத்மினி அதற்கு வெகு காலம் முன்பே போய்ச் சேர்ந்தது. பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளை மேற்படியார் வளர்த்து வருகிறார்கள். உதவித்தொகை எதுவும் கேட்கவில்லை. அபராதம் எந்தக் கணக்கில் என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசைப்படுகிறார்கள்.

முதலில் வயசுக் கணக்கு. ஒரு சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் 31 வரை அதற்கான மத்தியக் கட்டணம் 600 ரூபாய். மறுநாள் காலையில் அது 5,000 ஆனது. ஏப்ரல் முதல் தேதி என்பதால் பலரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 என்று அறிவிப்பு வந்தது. அதே வருடம் பிப்ரவரியில் மாநில பட்ஜெட்டும் தன் பங்குக்கு, 15 வயது கடந்த தனியார் வண்டிகளின் வரியை 50 சதவீதம் உயர்த்தியது. மத்தியும் மாநிலமும் ஒரே குரலில் பேசுவது அபூர்வம். அந்த வகையில் இந்த வண்டிகள் கூட்டாட்சிக்குச் செய்த சேவை பெரிது.

ஆனால் 50 வயதை எட்டிவிட்டால் கதையே வேறு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி அது வின்டேஜ் வாகனம். தனி நம்பர் வரிசை, நடுவில் 'விஏ' என்ற எழுத்து. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. அதாவது 20 வயதில் தண்டம் கட்டிய கார், 50 வயதில் பாரம்பரியச் சின்னம் ஆகி, பிறகு பாதிக் கட்டணத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டு போகலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

மேற்படியார் எழுப்பும் ஐயம் இதுதான்: 20க்கும் 50க்கும் நடுவே இருக்கும் 30 வருடம் அந்தக் காரைத் துருவிடமிருந்து காப்பாற்றுவது யார்? அந்த வேலைக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று அலுவலகம் அறிய வேண்டாமா? இடவப்பாதி மழையும் துலாவர்ஷமும் அடுத்தடுத்துப் பெய்யும் ஊர் இது. சங்குமுகம் கடற்கரையிலிருந்து உப்புக்காற்று வேறு. மழை ஓய்ந்த முதல் ஞாயிறு, கரமனைக்காரர் ஒருவர் தன் மாருதி 800இன் கால் மிதியைத் தூக்குகிறார். அடியில் ஈரம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறார். 'டங்' என்றால் தகரம். 'சொத்' என்றால் துரு. பிறகு கதவின் கீழ் விளிம்பு. அங்கே தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு ஓட்டைகளை மண் அடைத்திருக்கும். வீட்டம்மாவின் ஹேர்பின்னை வளைத்துக் குத்தினால் கதவுக்குள் தேங்கிய பழுப்புத் தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்குகிறது. கார் வாங்கியவர்களில் பலருக்கு அந்த ஓட்டைகள் இருப்பதே தெரியாது. கதவு உள்ளிருந்து உளுத்துப் போவது அங்கிருந்துதான். வயர் பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, மேலே அண்டர்கோட். ஓட்டை பெரிதாகி விட்டால் டிங்கரிடம் போய்த் துண்டுத் தகரம் வைத்து வெல்டிங். செலவு சில நூறு, முதுகுவலி தனி.

பக்கத்துத் தெருவில் அம்பாசடர்காரர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கான்டாக்ட் பாயின்ட்டைத் தேய்த்து, பீலர் கேஜை நுழைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கிறார். அந்த அளவு பிசகினால் காலையில் வண்டி இருமும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஒரு ரப்பர் புஷ் தேவைப்பட்டால் சாலைக் கடைத்தெரு.

"அண்ணாச்சி, பழைய அம்பாசடருக்கு சஸ்பென்ஷன் புஷ் இருக்கா?"

"அம்பாசடரா? இன்னுமா ஓட்டுதீக? நாகர்கோவில்ல சொல்லி விடுதேன், வியாழக்கிழமை வாங்க. அங்கயும் இல்லன்னா மெட்ராஸ் புதுப்பேட்டைதான்."

பழைய வண்டிகளின் உறுப்புதானம் நடக்கும் முக்கிய இடங்களில் ஒன்று சென்னை புதுப்பேட்டை என்பது அண்ணாச்சிக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும்.

இனி பிரிவு 52. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே அழுத்திச் சொன்னது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி. டயருக்கு மேல் பல்லிளிக்கும் பம்பரும் காதைக் கிழிக்கும் சைலன்சரும் பிடிபடட்டும், மேற்படியாருக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் கிடைக்காத ஒரு பாகத்துக்குப் பதிலாக வேறு வண்டியின் பாகத்தைப் போட்டால் அது பழுதுபார்ப்பா, மாற்றமா? தயாரிப்பாளரைக் கேட்கலாம் என்றால் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆலையே நின்றுவிட்டது. எஞ்சின் மாற்றுவதாக இருந்தால் முன் அனுமதி வேண்டும். ஆனால் பத்து போக்குவரத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர், மாநில அரசு அறிவிப்பு கொடுத்தால், அதே வகை எஞ்சினைத் தனித்தனியாக அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு 407 வைத்து வாழைக்குலை ஏற்றுகிறவருக்கு இன்னும் ஒன்பது லாரி வாங்கும்படி அலுவலகம் அறிவுரை வழங்கினால், வங்கிக் கடனுக்கும் சேர்த்தே மனு கொடுப்பார்.

இதற்கிடையே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு முயற்சியைத் தொடங்கி, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. டெல்லியில் ஒரு கட்டடம் ஸ்பானரைக் கையில் கொடுக்கிறது, இன்னொரு கட்டடம் ரசீதுப் புத்தகத்தைத் திறக்கிறது.

அரசுக்கே இந்தக் கைவேலைப் பழக்கம் உண்டு என்பதை மேற்படியார் நினைவூட்டக் கடமைப்பட்டவர்கள். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த சால்ட்டர் அதன் கண்காணிப்பாளர். இங்கிலாந்திலிருந்து இறங்கியவை கூடு இல்லாத வெறும் சேஸிஸ்கள், பெர்கின்ஸ் டீசல் எஞ்சினுடன். மேலே பாடி கட்டியது துறையின் சொந்தத் தொழிலாளர்கள். கவடியாருக்குப் போன முதல் பஸ்ஸை சால்ட்டரே ஓட்டினார். பிரிவு 52 அன்று இருந்திருந்தால் அவரை வழியிலேயே நிறுத்தி, பாடிக்கு ஒப்புதல் எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

அந்தத் துறையின் வாரிசுதான் இன்றைய கேஎஸ்ஆர்டிசி. 15 வயது முடிந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதன் பஸ்களுக்கு மாநில அரசு ஆயுள் நீட்டிப்புக் கொடுத்தது. நல்ல முடிவு, பாப்பனங்கோடு பணிமனைக்காரர்களின் கைத்திறமைக்கு அது சான்று. 2020இல் மூணாறில் பழைய பஸ்களைத் தங்கும் விடுதியாகவும் மாற்றினார்கள். பஸ்ஸுக்குள் படுத்தால் சுற்றுலா, காருக்கு அடியில் படுத்தால் விளக்கம் கேட்பு.

திருவிதாங்கூர் அரண்மனையையும் சொல்லாமல் விட முடியாது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் 1950களைச் சேர்ந்த மெர்சிடிஸ் பென்ஸ் 180, நம்பர் சிஏஎன் 42, இந்த ஊருக்கே அடையாளமாக இருந்தது. அது 23 லட்சம் மைல் ஓடியதாகவும், கம்பெனி இரண்டு புதிய கார் தருவதாகச் சொல்லியும் அவர் மறுத்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. அவரை யாரும் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று சொல்லவில்லை. கம்பெனி பதக்கம் கொடுத்தது.

மேற்படியார் அசட்டுப் பிடிவாதக்காரர்கள் அல்லர். பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக்கு முந்திய பெட்ரோல் கார் நின்ற நிலையில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு அரை சதவீதம்தான். ஆறு மடங்கு வித்தியாசத்தை அவர்கள் மறைக்கவில்லை. பிரேக் லைனில் காற்று இருந்தால் மிதி தரைக்கே போய்விடும் என்பதும் தெரியும். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு பிரேக்கில் கை வைக்கிறவரைப் பிடிக்க வேண்டியதுதான். அதற்கு வண்டியைச் சோதிக்க வேண்டும். மாநிலம் முழுக்க 726 கேமராக்கள் கொண்ட திட்டம் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கிறது. சீட் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் பார்க்கும் அவற்றில் ஒன்றுகூட வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கப் போகும்போது சேஸிஸ் நம்பர் மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் அது அந்த வண்டிதான் என்று நிரூபணம். அந்த எழுத்து 25 வருடம் அழியாமல் இருந்தது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

அம்பாசடரின் மூதாதை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பிறந்த பிரிட்டனில், பெரிய மாற்றம் செய்யாத 40 வயது வண்டிக்கு வரியும் கிடையாது, கட்டாய வருடாந்திரச் சோதனையும் கிடையாது. மேற்படியார் அவ்வளவு கேட்கவில்லை. சோதனை வேண்டும் என்றே கேட்கிறார்கள். எனவே கோரிக்கைகள்:

1. 15 வயது தாண்டிய வண்டிக்குப் பிரேக், ஸ்டியரிங், அடித்தளத் துரு, புகை நான்கையும் உள்ளபடி சோதித்து, மதிப்பெண் நன்றாக இருந்தால் மாநில வரியையாவது குறைக்க வேண்டும்.

2. எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்று மலையாளத்திலும் தமிழிலும் ஒரே ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டு ஒட்ட வேண்டும். சுவரில் இடம் இல்லையென்றால் மேற்படியாரின் கார் கதவுகள் தயார். துரு ஓட்டை எதுவும் இல்லை.

3. உடைமையாளர் தேதி போட்டு எழுதி வைக்கும் பராமரிப்பு நோட்டைப் புதுப்பித்தலின்போது ஓர் ஆவணமாக ஏற்க வேண்டும்.

4. அனுமதி இல்லாமல் செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 52 உடைமையாளருக்குக் கெடு வைத்திருக்கிறது. இந்த மனுவுக்கும் அதே கெடுவுக்குள் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
மேற்படியார்.

நகல்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், புதுடெல்லி – 10,000 ரூபாய் விஷயம் அவர்களுடையது என்பதால்.