பாட்டில் வாங்கின கதை

எங்கள் அலுவலக ஆண்டுவிழாவை என்னிடம் ஒப்படைத்தது யார் யோசனை என்று இன்றுவரை தெரியாது. ஜெனரேட்டர் வரவேற்புரையோடு நின்றது. மேஜிக் நிபுணர் கடைசிவரை வரவேயில்லை. மறைந்துபோவதில் கெட்டிக்காரர் என்று சொல்லித்தான் அவரைப் பிடித்திருந்தோம். ஒரு மணி பிரியாணி மூன்றரைக்கு வந்தது. அதற்குள் பாதிப் பேர் எதிர்க்கடையில் பரோட்டாவை முடித்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜரிடமிருந்து எல்லோருக்கும் ஒரே வரியில் மின்னஞ்சல்: நேற்றைய விழா ஒரு கம்ப்ளீட் ஃபியாஸ்கோ.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஃபியஸ்டா கார் சென்னைத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஃபியஸ்டா என்றால் ஸ்பானிய மொழியில் திருவிழா என்று கேள்விப்பட்டிருந்தேன். ஃபியாஸ்கோ அதற்கு ஒன்றுவிட்ட தம்பியாகத்தானே இருக்கவேண்டும்? எல்லோருக்கும் போகும்படி பதில் போட்டேன்: “நன்றி சார். எல்லாம் உங்கள் ஆதரவுதான். அடுத்த வருடம் இதைவிடப் பெரிய ஃபியாஸ்கோவாகச் செய்துகாட்டுவோம்.”

மதியம் கேன்டீனில் பலர் தேடிவந்து கைகொடுத்தார்கள். ஏன் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள் என்பது மாலையில்தான் விளங்கியது. வீட்டில் மாமனாரிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்.

“மாப்ளே, பதில் அனுப்பிட்டீங்களா?”

“அனுப்பிட்டேன் மாமா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு அகராதியை எடுத்தார்.

ஆங்கிலத்தில் ஃபியாஸ்கோ என்றால் படுதோல்வி. பிறந்த வீடான இத்தாலியில் வெறும் பாட்டில். கியாந்தி ஒயினை வைக்கோல் சுற்றிய குண்டுப் பாட்டிலில் அடைப்பார்களே, அதுதான். நம் வீட்டு ஃபிளாஸ்க்கும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. மேடையில் ஒருவர் சொதப்பினால் ‘பாட்டில் செய்தார்’ என்பது இத்தாலிய நாடகக்காரர்களின் பேச்சு. அது பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

பாட்டில் என்ன பாவம் செய்தது? வெனிஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளி ஊதும்போது நல்ல ஜாடி கோணிக்கொண்டால், அதைச் சாதாரண பாட்டிலாக மாற்றிவிடுவாராம். இது ஒரு கதை. 17ஆம் நூற்றாண்டில் பியான்கொலெல்லி என்ற கோமாளி நடிகர் கையில் பாட்டிலோடு மேடையேற, ஒருவரும் சிரிக்கவில்லையாம்; “எல்லாம் உன்னால்தான்” என்று பாட்டிலைத் திட்டித் தூக்கியெறிந்தாராம்; இது இன்னொன்று. மாமா இரண்டையும் நம்பவில்லை. நான் கோமாளி பக்கம். பாட்டிலைத் திட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருந்தால் நானும் விட்டிருக்கமாட்டேன்.

அதுவும் தவிர, நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? படம் ஓடவில்லை என்றால் ‘ஊத்திக்கிச்சு’ என்கிறோம். எது ஊற்றியது, எதிலிருந்து ஊற்றியது என்று யாராவது கேட்டோமா? இத்தாலிக்காரன் பாட்டிலை வைத்துக்கொண்டான், உள்ளே இருந்தது நம் பக்கம் கொட்டியிருக்கிறது. அசடு வழிந்தவனுக்கு நாம் கொடுக்கும் பல்பும் கண்ணாடிச் சாமான்தான்.

பெரிய மனிதர்களும் பாட்டில் வாங்கியிருக்கிறார்கள் என்று மாமா ஆறுதல் சொன்னார். வெர்தியின் ‘லா திராவியாத்தா’ இசைநாடகம் 1853 மார்ச் 6 அன்று வெனிஸில் அரங்கேறியது. காசநோயில் உருகிச் சாகவேண்டிய நாயகியாக நல்ல பூசின உடம்புக்காரி ஒருவர் பாட, சனங்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளே வெர்தி ‘ஃபியாஸ்கோ’ என்று கடிதம் எழுதினார். தப்பு தன்னுடையதா பாடகர்களுடையதா என்பதைக் காலம் சொல்லட்டும் என்றார். அடுத்த வருடம் அதே வெனிஸில் கைதட்டல். எங்கள் மேனேஜர் காலத்துக்கெல்லாம் காத்திருக்கிற ஆளில்லை.

எனக்குப் பிடித்தவர் இன்னொரு இத்தாலிய இசைநாடகக்காரரான ரொசீனி. நாடகம் ஊத்திக்கொண்டால் அம்மாவுக்குக் கடிதத்தில் பாட்டில் படம் வரைந்தனுப்புவாராம். பாட்டிலின் அளவைப் பார்த்தே அம்மா விஷயத்தைப் புரிந்துகொள்வாராம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

அந்த வருட அப்ரைசல் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு முடிந்தது. வெளியே வந்து, ஒரு தாள் நிறைய பாட்டில் வரைந்து, போட்டோ பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

“அப்பா முழிச்சிட்டிருக்காரு. பின்வாசல் வழியா வாங்க.”