இன்மை அறிக்கையும் இன்றே வேண்டும்

"மிக அவசரம். மாலை 3 மணிக்குள்." காலை வழிபாடு முடிவதற்குள் ஒன்றிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஷீட் வந்து விழுகிறது. பிள்ளைகளின் காலணி அளவு வேண்டுமாம். போன மாதம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றிய அதே அளவுதான். அதைத் திறந்து பார்க்க அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. பாடம் நடத்துகிறவர் சும்மாதானே இருக்கிறார்!

சட்டக் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5. ஒருவர் பயிற்சிக்குப் போக, மற்றவர் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போக, ஐந்தாம் வகுப்பு லீடர்தான் ஒன்றாம் வகுப்பை மேய்க்கிறாள்.

ஷீட்டைத் திறந்தால் ஒன்றியமே உள்ளே முண்டியடிக்கிறது. யாரோ விரல் பட்டு நம் பள்ளியின் வரி காணாமல் போகும். நாலு மணிக்கு 'விவரம் அளிக்காத பள்ளிகள்' பட்டியலில் நம் பெயர் சிவப்பில் நிற்கும். "உரிய விளக்கத்துடன் நேரில் வரவும்." தர விவரமே இல்லை என்றாலும் தப்ப முடியாது; 'இன்மை அறிக்கை' அனுப்பியாக வேண்டும்.

அடுத்தது, விவரம் ஏற்றப் பெற்றோரின் போனுக்கு வரும் ஓடிபி. கரும்பு வெட்டப் போன அப்பாவுக்குப் போன் போட்டால், "யாருக்கும் சொல்லாதீங்கன்னு டிவியில சொன்னாங்களே சார்" என்கிறார். அரசாங்கம் சொன்னதைக் கேட்கிற ஒரே மனிதர் அவர்தான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. அனுப்பவில்லையே, வகுப்பறையிலேயே உட்காரவைத்துத்தானே வேலை வாங்குகிறோம் என்பார்கள்!

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. அரும்பை அரும்பு என்று செயலியில் ஏற்றியாயிற்று. மொட்டாக்கத்தான் நேரமில்லை. ஏழைப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பதைத் துல்லியமாகப் பதிவு செய்வதற்குப் பெயர் கல்வியா?

இனி விவரம் கேட்கும் ஒவ்வொரு அதிகாரியும் முதலில் ஒரு படிவம் நிரப்பட்டும். இது எமிஸில் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தும் ஏன் கேட்கிறீர்கள்? இதற்காக எத்தனை பாடவேளைகளைப் பலி கொடுக்கிறீர்கள்? மூன்றும் கட்டாயக் கேள்விகள். இன்மை அறிக்கை ஏற்கப்படாது.