சொறி பார்க்க இவ்வளவு படிப்பா?

தோல் மருத்துவத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாக இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமான டயகமவில் ஒரு லயத்து வாசலில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். இருதய டாக்டர் என்றால் அடுத்த கோயில் திருவிழாவில் பொன்னாடை உறுதி. மூளை டாக்டர் என்றால் மாலையும் சேர்ந்து வரும். தோல் என்றதும் அம்மாயி வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார்.

"ஏன் புள்ள, சொறி செரங்கு பாக்கவா இம்புட்டு வருசம் படிச்ச? அதுக்குத்தான் மஞ்சள் இருக்கே."

அம்மாயிக்குச் செய்தி எட்டவில்லை. உலகத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் இந்தச் சொறிக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் நீட் பி.ஜி. கலந்தாய்வு தொடங்கினால் தோல் இடங்கள் முன்வரிசை ரேங்க்காரர்களோடு போய்விடும். அமெரிக்க மாணவர்கள் ரேடியாலஜி, ஆப்தல்மாலஜி, அனஸ்தீசியாலஜி, டெர்மட்டாலஜி நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரோட்' என்பார்கள். சுகவாழ்வுக்குப் போகும் சாலை அது. முகப்பரு யாரையும் ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்வதில்லை என்பதுதான் சூட்சுமம். கொல்லக்கூடிய தோல் நோய்களும் இருக்கத்தான் செய்கின்றன. அவை விண்ணப்பக் கட்டுரையில் மட்டும் தவறாமல் தலைகாட்டும்.

அமெரிக்காவில் அந்த விண்ணப்பக் கட்டுரை தனி இலக்கிய வகை. எனக்கு ஏன் தோல் மீது இத்தனை காதல் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். "இரவில் தூங்க ஆசை" என்று எழுதும் நேர்மையாளருக்கு எங்கே இடம் கிடைக்கும்? கட்டுரையோடு விட்டார்களா, அதுவும் இல்லை. பிடித்த மருத்துவமனைகளுக்கு ஜாடை காட்டவும் ஏற்பாடு உண்டு: ஒருவருக்கு 3 தங்க ஜாடை, 25 வெள்ளி ஜாடை. பிறகு இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுக்க, 1952 முதல் நடந்துவரும் 'மேட்ச்' முறையில் ஜோடி சேர்ப்பார்கள். மார்ச் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை 'பொருந்தியது' என்று மட்டும் தகவல் வரும். எந்த வீடு என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். இது அப்பட்டமான கல்யாணத் தரகு என்று நினைப்பவர்கள் தவறாக நினைக்கவில்லை. 1962இல் கேல், ஷேப்லி என்ற இரண்டு கணிதக்காரர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கட்டுரையில்தான் ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வந்த வேலைக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ரோத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் கிடைத்தது. நம்மூர்த் தரகர்கள் பத்துப் பொருத்தத்தோடு நின்றுவிட்டதால் ஸ்டாக்ஹோமிலிருந்து கடிதம் வரவில்லை.

டயகமவிலிருந்து கிளம்பும் பிள்ளைக்கு ரோட்டைவிட மேடு அதிகம். உயர்தரத்தில் உயிரியல் எடுக்க வேண்டும். தோட்டப் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் அமைந்தாலே பாதி வெற்றி. அப்புறம் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் இஸட் புள்ளி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசிப் பட்டியலில் நுவரெலியா நிரந்தர அங்கத்தவர். உள்ளே போனால் அதுவரை தமிழில் படித்த ஈரலும் மண்ணீரலும் ஒரே இரவில் ஆங்கிலம் பேசும். ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன், அதற்கு மேலும் வேலை அனுபவம் என்று போய், கடைசியில் கொழும்பு 7இல் இருக்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை. 1980இல் தொடங்கிய நிறுவகம், எல்லோரும் பீ.ஜீ.ஐ.எம். என்பார்கள். இங்கே ஜாடையெல்லாம் செல்லாது, பரீட்சைத்தாள்தான் பேசும். தேறினால் பயிற்சி, எம்.டி., அதன்பின் வெளிநாட்டுப் பயிற்சி. அதற்குள் தங்கச்சிக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருக்கும்.

இனிப் பாடம். தோல் மருத்துவத்தைக் கிண்டல் செய்ய மற்ற டாக்டர்கள் வைத்திருக்கும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: ஈரமாக இருந்தால் காயவை, காய்ந்திருந்தால் ஈரமாக்கு. டயகமவுக்கு இதில் பாதிதான் செல்லும். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில், தென்மேல் பருவமழை இறங்கிய ஜூன் மாதத்தில், போன வாரம் துவைத்த போர்வையே அடுப்படியில் தொங்கும்போது கால் விரலிடுக்கை எங்கே காயவைப்பது?

சிவந்த தடிப்பைப் பார் என்று பாடநூல் சொல்லும். படத்தில் இருப்பது வெள்ளைக்காரக் கன்னம். மலையில் வெயிலும் பனியும் பட்ட கையில் அதே தடிப்பு கருஞ்சாம்பலாகவோ ஊதாவாகவோ கிடக்கும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் இதில் சலித்துப்போய், கருத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே தயாரித்தார். 2020இல் வந்தது. டயகமப் பிள்ளைக்கு இந்த விஷயத்தில் முன்அனுபவம் ஏராளம். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல், கூடைக் கயிறு அழுத்திய முன்தலை, அட்டை கடித்து விட்ட பின்னும் ரத்தம் நிற்காத கணுக்கால். அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே அட்டையே செய்முறை வகுப்பு எடுத்திருக்கும். இதற்கெல்லாம் விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

அழகு கிளினிக் கனவோடு வருகிறவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. இந்தியாவில் எம்.டி. பட்டமே தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றையும் கட்டித்தான் தருகிறது. இலங்கை 1995இலேயே தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேல் புது நோயாளிகள் வருகிறார்கள். லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி மற்ற நாடுகளில் கல்லீரலையும் மண்ணீரலையும் வீங்க வைக்கும். இலங்கைக்கு வந்ததும் மனம் மாறித் தோலிலேயே புண்ணாகக் குடியிருக்கிறது. பரீட்சை வைப்பவர்களுக்கு இதைவிடப் பிடித்த பூச்சி இருக்க முடியாது.

எல்லாம் தாண்டி ஒருநாள் கிளினிக்கில் உட்கார்ந்தால்தான் உண்மையான வைவா. டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்குப் போய், அங்கே நுவரெலியா பஸ்ஸைப் பிடித்து வருகிறவருக்கு அன்றைய பேர் போச்சு. ஒரு நாள் சம்பளத்தைப் படர்தாமரைக்கா கொடுப்பது? கடையில் கேட்டதைப் பூசிப் பார்ப்பார். ஸ்டீராய்டு கலந்த கிரீம் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைச் சுகமாக வளர்க்கும். வட்டமும் போய், செதிலும் போய், மாறுவேடத்தில் வந்து நிற்கும் அந்தப் படர்தாமரையைப் பார்த்து டாக்டரம்மா கேட்பார்:

"என்ன பூசினீங்க?"

"ஒண்ணும் பூசலைங்க."

"ஒண்ணுமேவா?"

"மஞ்சள்தான். அப்புறம் பல்லு வெளக்குற பேஸ்ட் கொஞ்சம். மச்சான் வீட்டுல ஒரு டியூப் குடுத்தாங்க. அது முடிஞ்சுதான் இங்க வந்தேன், அதையே எழுதிக் குடுங்க டாக்டரம்மா, நல்லாக் கேட்டுச்சு."