தள்ளுபடிக்கு முன்பே போனவர்கள்

மூடப்போகும் கடையில் விலைச்சீட்டை ஒட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைக்காரர் இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத் தொடர் திவாலாகி, நீதிமன்றமும் தலையசைத்துவிட்டால், சரக்கைக் காசாக்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உள்ளே நுழைகின்றன. ஏலத்தில் போட்டியிட்டு, இவ்வளவு தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்கின்றன. அன்றிலிருந்து பழைய கடையின் வாரச் சலுகைகள் செல்லாது. வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. வாரத்துக்கு வாரம் தள்ளுபடி ஏறும், சரக்கு இறங்கும். நமக்கு வேண்டிய பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் வாங்கப் போகிறவர் வேலை.

2009 ஜனவரியில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஊரே அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. சர்க்கிட் சிட்டி மூடுகிறது என்று 16ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாளே விற்பனை தொடங்கிவிட்டது. நாடெங்கும் 567 கடைகள், 30,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது டிவி, கேமரா வாங்கும் இடம். ரிச்மண்டுக்கு அது சொந்தப் பிள்ளை. தலைமை அலுவலகமே எங்கள் பக்கத்தில், ஹென்ரைக்கோ கவுண்டியில் இருந்தது. கணினி வேலைக்கென்று வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு அங்கிருந்துதான் அடுப்பெரிந்தது.

இந்த ஊருக்கும் அந்தக் கடைக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்கத் தென் மாநிலங்களின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1948இல் ரிச்மண்டில்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது. மறு ஆண்டு இங்கே வந்த சாமுவேல் வர்ட்சல் என்பவர், முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்த இடத்தில் டிவியைப் பற்றிய பேச்சைக் கேட்டார். இந்த ஊரிலேயே தங்கி டிவி விற்கலாம் என்று முடிவு செய்தார். குடும்பத்தார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் கடைக்கு 'வார்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். 1984இல் அது சர்க்கிட் சிட்டி ஆனது. ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய 'குட் டு கிரேட்' என்ற புகழ்பெற்ற நிர்வாக நூல், உயர்ந்து நின்ற 11 நிறுவனங்களில் ஒன்றாக இதையும் வைத்துப் பாடம் நடத்தியது.

நாங்கள் 1997இல் இங்கே குடிவந்தோம். மறு வருடக் கோடையில் கும்பகோணம் போவதாக ஏற்பாடு. மாமியாருக்கு ஒரு பெரிய டிவி கொண்டுபோக வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். சுவர் நிறைய டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே கோல்ஃப் ஆட்டம். கழுத்துப்பட்டை கட்டிய, தலை நரைத்த விற்பனையாளர் ஒருவர் வந்தார். வர்ஜீனியாக்காரர்களுக்கே உரிய நீட்டி இழுக்கும் பேச்சு. நாங்கள் 27 அங்குலப் பெட்டி ஒன்றைக் காட்டினோம். விலையைச் சொல்லாமல், "இதை எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

இந்தியாவில் என்று இவர் சொன்னதும், சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, ஒரு விளம்பரத் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். இங்கே 110 வோல்ட், அங்கே 220க்கு மேல். அது பெரிய விஷயமில்லை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியாகிவிடும். படம்தான் தகராறு. அமெரிக்க ஒளிபரப்பு என்.டி.எஸ்.சி. முறை, ஒரு படத்துக்கு 525 வரிகள். இந்தியாவில் பி.ஏ.எல். முறை, 625 வரிகள். இந்தப் பெட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுபோனாலும் உங்கள் அம்மாவால் ஒரு நிகழ்ச்சியைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியாது என்றார். இரண்டு முறைக்கும் பொருந்தும் பெட்டி நியூயார்க்கில் இந்தியர்கள் கடை வைத்திருக்கும் ஜாக்சன் ஹைட்ஸில் கிடைக்கும் என்று வழியும் சொன்னார். 220 வோல்ட் சாமான் விற்கும் அந்தக் கடைகளைப் பற்றி, ஊருக்குப் போகும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் பின்னாளில் எங்களிடம் விசாரித்திருக்கிறது. எங்களுக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

அவர் கமிஷனில் பிழைத்தவர். விற்றால் காசு, விற்காவிட்டால் இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்களுக்காக அவர் செலவழித்த நேரத்துக்கு ஒரு சென்ட் கிடைத்திருக்காது. அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கே டிவி வாங்கப் போனபோது அவரைத் தேடித்தான் போனோம். கூடத்தில் ஜன்னல் எந்தப் பக்கம், மாலை வெயில் திரையில் விழுமா, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்று கேட்டு, நாங்கள் நினைத்ததைவிடச் சிறிய பெட்டியைக் காட்டினார். கூடுதல் வாரண்டியையும் தலையில் கட்டினார் என்பது உண்மை. இந்தத் தொழிலில் நிறுவனங்களுக்கு லாபம் வந்த பெரிய வழி அதுதான், அவரும் அதில் விலக்கில்லை. ஆனாலும் பொருளைப் பற்றிப் பேசுமுன் வாங்குகிறவரைப் பற்றி விசாரிப்பது என்ற பழக்கம் அவரிடம் இருந்தது. அவரைப் போன்றவர்கள் பகுதிக்குப் பகுதி இருந்தார்கள். ஸ்டீரியோ பக்கம் ஒருவர், கேமரா பக்கம் ஒரு பெண்மணி.

2003இல் கமிஷன் முறையையே நிறுவனம் எடுத்துவிட்டது. 3,900 விற்பனையாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். பேனா வைத்திருந்தவரை அதன்பின் நான் அங்கே பார்க்கவில்லை. 2007 மார்ச்சில் இன்னும் சுமார் 3,400 பேருக்கு வேலை போனது. அவர்கள் மீது ஒரு குறையும் சொல்லப்படவில்லை. அந்த வேலைக்குச் சந்தை கொடுப்பதைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதுதான் காரணம். பத்து வாரம் கழித்து, குறைந்த சம்பளத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று அவர்களிடமே சொன்னார்கள். வருடக்கணக்காகக் கற்ற ஒருவரிடம் அப்படிச் சொல்ல மனம் வந்ததே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கடை விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. போட்டிக் கடையான பெஸ்ட் பை வளர்ந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்பதை 2000இல் இவர்களே கைவிட்டிருந்தார்கள். இணையக் கடைகள் வந்தன. 2008இல் வங்கிகள் சரிந்தபோது, சரக்கு தருபவர்கள் ரொக்கத்தை முன்கூட்டியே கேட்டார்கள். அந்த நவம்பரில் 155 கடைகளை மூடுவதாக அறிவித்து, 10ஆம் தேதி திவால் மனு கொடுத்தார்கள். வாங்க ஆள் கிடைக்கவில்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் பெரிய போட்டியாளரைவிட நமக்கென்று என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய வருடங்களில், அப்படி இருந்த ஒன்றைத்தான் அவர்கள் செலவுக் கணக்கில் எழுதி அடித்தார்கள்.

ஜனவரி விற்பனையின் முதல் வாரம் கடும் குளிர். கடைக்குத் திரும்பும் முனையில் ஒரு பையன் தன் உயரத்துக்கு ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றான். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும் துணிப் பதாகைகள். கடையின் சொந்த எழுத்தே கண்ணில் படவில்லை. கல்லாவிலிருந்து வரிசை பின்சுவர் வரை போயிற்று.

நான் வீட்டிலிருந்தே ஒரு பட்டியலோடு போயிருந்தேன். வேண்டிய பொருள்களுக்கு மற்ற கடைகளில் என்ன விலை என்று இணையத்திலிருந்து அச்செடுத்து வைத்திருந்தேன். இதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட விற்பனைகளில் தள்ளுபடி எந்த விலையிலிருந்து கழிகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று செய்தித்தாள்களே அப்போது எச்சரித்தன. நேற்றுவரை இருந்த சலுகை விலையை நீக்கி, தயாரிப்பாளர் அச்சிட்ட முழு விலைக்குப் போய், அதில் பத்து சதவீதம் கழித்தால், பதாகை பெரிதாக இருக்கும், மிச்சம் சிறிதாக இருக்கும். டிவிக்கும் கணினிக்கும் முதலில் பத்து சதவீதம்தான், அவற்றில் லாபம் குறைவு. கேபிள், பை, கேமரா உறை, பேட்டரி போன்றவற்றில் லாபம் அதிகம், அதனால் தள்ளுபடியும் அங்கேதான் வேகமாக ஏறும். ஏறும்வரை அவை அசையாமல் கிடக்கும்.

அந்த மாதம் எல்லோரும் தேடியது இன்னொரு சிறிய பெட்டியை. அமெரிக்காவின் பழைய அனலாக் ஒளிபரப்பு பிப்ரவரி 17ஆம் தேதியோடு நிற்கப்போவதாக இருந்தது. ஆன்டெனா வைத்துப் பார்க்கும் பழைய டிவிகளுக்கு ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். அதற்கு அரசே 40 டாலர் கூப்பன் தந்தது. ஜனவரியில் கூப்பனுக்குக் காத்திருப்போர் பட்டியலே நீண்டுவிட்டதால், கடைசித் தேதியை ஜூன் 12க்குத் தள்ளிவைத்தார்கள். சர்க்கிட் சிட்டியின் கடைசிக் கடைகள் மார்ச் 8ஆம் தேதி மூடின. தொலைக்காட்சி ஊருக்கு வந்ததை நம்பிப் பிறந்த கடை, அந்தப் பழைய அலைவரிசைகள் அணைவதற்கு மூன்று மாதம் முன்பு போய்ச் சேர்ந்தது. என் முன்னால் வரிசையில் நின்ற வயதான அம்மாள், தன் பழைய டிவிக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கேமரா பகுதியில் நின்ற பெண்மணி அதைக் கேட்டுவிட்டு, தன் இடத்தை விட்டு வந்தார். இரண்டு ஆட்குறைப்பையும் எப்படியோ தாண்டியிருந்தவர். டிவியின் பின்பக்கம் எத்தனை துளைகள், ஆன்டெனா கூரையிலா கூடத்திலா என்று விசாரித்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து, எந்த வயரை எங்கே சொருக வேண்டும் என்று காட்டினார். வேலை போகப்போகும் கடையில், யாரும் கணக்குப் பார்க்காத வேலை அது.

எங்கள் தெருவில் தேவகோட்டைக்காரத் தம்பி ஒருவர் குடியிருந்தார். தலைமை அலுவலகத்தில் ஒப்பந்த வேலை, எச்-1பி விசா. வேலை போனால் சம்பளத்தோடு போவதில்லை, நாட்டில் தங்கும் உரிமையும் ஆடிவிடும். அந்தக் குடும்பம் இப்படித் தவிக்கும்போது அங்கே போய்ப் பை நிறைய வாங்கி வருவதா என்று எனக்கு உறுத்தியது. கடைக்குப் போகுமுன் அவர் மனைவியிடமே கேட்டிருந்தேன்.

"போங்கக்கா," என்றாள். "சரக்கு வித்தாத்தான் கடைசி வரைக்கும் நிக்கிறவங்களுக்குச் சம்பளம் ஓடும்னு இவரு சொல்றாரு. ஆனா அந்தப் பசங்ககிட்ட, எப்ப அம்பது சதவீதம் ஆகும்னு மட்டும் கேக்காதீங்க. ஒரு நாளைக்கு நூறு பேரு அதையே கேக்குறாங்களாம்."

போனேன். மெமரி கார்டு, வெற்று டிவிடி, பேட்டரி, ஒரு கேமரா பை வாங்கினேன். அவள் சொன்ன கேள்வியை என் கண் முன்னாலேயே பலர் கேட்டார்கள். ஐம்பது சதவீதம் ஆகும் நாள் என்பது, பதில் சொல்கிற பையனின் கடைசி நாளுக்குப் பக்கத்து நாள். மலிவாக வாங்குவதில் எந்தப் பாவமும் இல்லை. நடுத்தரக் குடும்பம் அப்படித்தான் வாழ முடியும். கேட்கிற விதத்தில் ஒரு மரியாதை வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிப்ரவரிக் கடைசியில் சரக்கு தீர்ந்து, கடையே சரக்காகிவிட்டது. ரேக்குகள், ஏணிகள், தள்ளுவண்டிகள், ஊழியர் அறையின் நாற்காலிகள் எல்லாவற்றிலும் விலைச்சீட்டு. கராஜில் வைக்க நல்ல இரும்பு ரேக் என்று பலர் அளவெடுத்துப் போனார்கள். அதன்பின் பெயரும் இணைய முகவரியும்கூட 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வேறொரு நிறுவனத்துக்குப் போயின. தேவகோட்டைத் தம்பி அதற்குள் வட கரோலினாவில் ஒரு வேலையைப் பிடித்துவிட்டார். பள்ளி முடியும்வரை மனைவியும் குழந்தையும் இங்கே, அவர் அங்கே என்று சில மாதம் ஓட்டினார்கள்.

இப்போது என் மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே ஃப்ரைஸ் என்ற கடை கணினிக்காரர்களின் கோயிலாக இருந்தது. 2021 பிப்ரவரியில் அது ஒரே இரவில் மூடியது, தள்ளுபடி விற்பனைகூட வைக்கவில்லை. வைக்கவும் சரக்கு இல்லை, அதற்கு முன்பே ரேக்குகள் காலியாகக் கிடந்தன. போன மாதம் அவள் டிவி வாங்கினாள். எட்டாயிரம் பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அத்தனை மதிப்புரைகளில் ஒன்றுகூட அவள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. மேற்குப் பார்த்த கூடம். மாலையில் திரையில் அவள் முகம்தான் தெரிகிறதாம்.

கடைகள் மூடுவது நிற்கவில்லை. 2023இல் பெட் பாத் அண்ட் பியாண்ட், 2025இல் ஜோஆன். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் போகலாமா என்று கேட்டால், கடைசி வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள், முதல் வாரமே போங்கள் என்கிறேன். பத்து சதவீதம்தானே என்று பார்க்க வேண்டாம். தையல் மெஷினோ மிக்ஸியோ, அந்தப் பகுதியில் வருடக்கணக்காக நின்றவர் முதல் வாரம் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். வேண்டியதை அவரிடம் கேளுங்கள், உங்களுக்கு எது வேண்டாம் என்பதையும் கேளுங்கள். பில் போட்டு முடித்ததும், அடுத்து எங்கே வேலைக்குச் சேரப்போகிறார் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.