ரீயூனியனுக்கு ஒரு பயணத் திட்டம்

விடுமுறைத் திட்டமிடல் என்பது, ஓய்வெடுக்கப் போகும் மனிதர் அந்த ஓய்வை மணிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கடமையை ஒதுக்கி, புறப்படும் முன்பே களைத்துப்போகும் ஒரு நடைமுறையாகும். இந்நடைமுறையைக் கடுமையாகச் சோதிக்கும் நிலங்களுள், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குத் தனி இடம் உண்டு.

1946 முதல் இது பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். அதாவது, பாரிசிலிருந்து 9,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குப் பிரான்சேதான். எனவே இங்கே யூரோ செல்லும்; ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா மட்டும் தானாகச் செல்லாது. 2002 சனவரி 1 அன்று யூரோ கைக்கு வந்தபோது, நேர வேறுபாட்டின் தயவால் பாரிசை முந்திக்கொண்ட இத்தீவின் சந்தையில், அப்புதிய பணத்தைக் கொடுத்து ஒரு கிலோ லிச்சிப் பழம் வாங்கப்பட்டது. பொருளியல் வரலாற்றில் இதைவிடச் சுவையான தொடக்க விழா இருந்திருக்க முடியாது.

வரைபடத்தை விரிப்பவருக்கு அடுத்த குழப்பம் காத்திருக்கிறது. தீவின் 24 நகராட்சிகளில் சரிபாதி புனிதர்களின் பெயரைத் தாங்கியிருப்பதால், சேன் போலில் அறையெடுத்துவிட்டுச் சேன் பியேரில் போய்ச் சாவி கேட்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ரோலான் கரோஸ் என்ற விமான நிலையத்தின் பெயரைக் கண்டு, அதே பெயர்கொண்ட டென்னிஸ் அரங்கை நினைத்து மட்டையைப் பெட்டியில் வைப்பவர்கள், அப்பெயருக்குரியவர் 1888இல் இத்தீவில் பிறந்த விமானி என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மலைகள் சுற்றிலும் செங்குத்தாக எழ, நடுவே அமிழ்ந்து கிடக்கும் பெரும் பள்ளத்தை இங்கே ‘சிர்க்’ என்பர். அவற்றுள் ஒன்றான சிலாவோசுக்குச் செல்லும் சாலைக்கு நானூறு வளைவுகள் என்பது ஊரார் கணக்கு. பேருந்து ஹாரன் அடித்தபடியே ஒற்றை வண்டி நுழையும் சுரங்கப்பாதைக்குள் புக, காலையில் ஹோட்டலில் இலவசம் என்பதற்காகவே கூடுதலாக உண்ட பயணி கையிலுள்ள எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொள்ள, அட்டவணையிலோ அதே நேரத்துக்கு எதிரே ‘இயற்கையை ரசித்தல்’ என்று எழுதப்பட்டிருக்கும். இன்னொரு சிர்க்கான மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும் என்பதால், சக்கரம் வைத்த பெட்டி அங்கே தலைச்சுமையாகிவிடும்.

சரி, கடற்கரையிலேயே கிடக்கலாம் என்று முடிவெடுத்தால், சுறாத் தாக்குதல்களை அடுத்து 2013இல் வந்த தடை குறுக்கே நிற்கிறது. பவளத்திட்டு காக்கும் ஆழமற்ற கடலிலும் கண்காணிப்புள்ள இடங்களிலும்தான் நீந்தலாம். தீவின் எரிமலையைப் பார்க்கப் போனால், குழம்பு பொங்கும் நாளில் அதைச் சூழ்ந்த பகுதியை அதிகாரிகள் மூடிவிடுகிறார்கள். அந்த எரிமலையும் ஆள் பார்த்தே நடந்துகொள்ளும் போலும்: 1977இல் அதன் குழம்பு ஓர் ஊரின் தேவாலய வாசல்வரை வந்து, கட்டடத்தை அழிக்காமல் நின்றது. மழைக்கு அந்தப் பணிவு கிடையாது. 1966 சனவரியில் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. சென்னையின் சராசரி ஆண்டு மழையே அவ்வளவு இல்லை.

உணவில் மட்டும் தமிழ்ப் பயணிக்கு எந்த ஏற்பாடும் தேவைப்படாது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்; அவர்களின் வழித்தோன்றல்கள் கோயில் கட்டித் தீ மிதிக்கிறார்கள். ஆறு மாதம் பிரெஞ்சு பயின்று உணவகத்தில் அமர்பவரின் முன்னால் மசாலா மணக்கும் ஆட்டுக்கறியும் முருங்கைக்கீரையும் வந்து அமரும்போது, பயின்ற வினைச்சொற்கள் அத்தனையும் வீணாகின்றன.

மே முதல் அக்டோபர் வரையான வறண்ட மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. மஃபாத்தை உச்சியிலிருந்து காட்டும் மைடோ முனையை முற்பகலிலேயே மேகம் மூடிவிடுவதால், விடியுமுன் எழுந்து கிளம்ப வேண்டும். நிம்மதியாகத் தூங்குவதற்காகவே விடுமுறை எடுப்பவர்கள் வேறு தீவைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.