டேபிள் அண்ணா

ஓ.எம்.ஆரில் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஜன்னலோரம் ஒரு டேபிள் அண்ணா இருப்பார். கம்பெனியின் பழைய டேட்டாபேஸில் கிடக்கும் முந்நூறு டேபிள்களுக்கும் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர்தான்.

புதிதாகச் சேர்ந்த ஜாவா பையன் முதல் வாரமே படத்தோடு வருவான். வாடிக்கையாளர் ஒருவர், அவருக்குப் பல பில்கள், அம்புக்குறி போட்டு, ஒன் டு மெனி.

“ஹைபர்நேட்ல மேப் பண்ணிட்டா முடிஞ்சுது அண்ணா. ஃபாரின் கீ எங்க இருக்கு?”

“அது கிடையாது தம்பி. லோடு ஸ்லோவாகுதுன்னு அப்பவே எடுத்துட்டோம்.”

“அப்ப இந்த ரெண்டு டேபிளும் சொந்தம்னு எப்படித் தெரியும்?”

“ஊருக்கே தெரியுமே. எழுதி வேற வைக்கணுமா?”

பையன் டேபிள்களைத் திறப்பான். கஸ்டமர் மாஸ்டர் அங்கே ‘சிஎஸ்டிஎம்ஆர் எம்எஸ்டிஆர்’. அந்தக் காலத்து ஆரக்கிளில் பெயர் 30 எழுத்தைத் தாண்டக் கூடாது. அண்ணாவின் தலைமுறை அதற்கும் மேலே சிக்கனம் பிடித்ததில், உயிரெல்லாம் போய் மெய் மட்டும் மிஞ்சிவிட்டது.

பில்லுக்குத் தனி ஐடி இருக்கும் என்று நம்பி வந்தவன் அவன். ஏப்ரல் பிறந்தால் பில் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே கிளை, நிதியாண்டு, நம்பர் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பில்லுக்கு அடையாளம். சரி, இதையாவது மேப் செய்துவிடலாம். ஃபேக்ஸ் ஃபீல்டை என்ன செய்வது?

“அது ஃபேக்ஸ் இல்ல, ஜிஎஸ்டி நம்பர். 2017 ஜூலையில அவசரமா வந்துச்சு. புது ஃபீல்டுக்கு அப்ரூவல் வரல. ஃபேக்ஸ் சும்மாத்தானே கிடந்தது? அதுவும் 15 எழுத்து, இதுவும் 15 எழுத்து. அளவெடுத்துத் தைச்ச மாதிரி!” இதைச் சொல்லும்போது அண்ணாவின் முகத்தில் தெரியும் பெருமிதத்தை, சொந்த வீட்டுக்கு கிரகப்பிரவேசம் செய்தவர்களிடம்தான் பார்க்கலாம்.

ஒருவழியாகப் பையன் மேப்பிங்கை முடிப்பான். 500 வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் டேட்டாபேஸுக்கு 501 கேள்விகள் பறக்கும். பட்டியலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று.

“உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடைன்னு எவனாவது கடைக்குப் போவானா? ஒரே ஜாயின்ல கேளுடா!” அண்ணா கத்துவது அப்போது மட்டும்தான். நியாயமான கத்தல்.

அண்ணா லீவு போட்டால் புராஜெக்டும் லீவு. போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னைத் தெரியுதா?”

அண்ணா திருதிருவென்று மனைவியைத் தேடினார். நல்லவேளை, போன் அடித்தது.

“அண்ணா, ஸ்டேட்டஸ் ஏழுன்னா என்ன?”

“ஏழா! அதுல ரெண்டு வகை இருக்கு தம்பி…” என்றபடி, மலர்ந்த முகத்தோடு மண்டபத்தை விட்டே வெளியேறினார்.